ஆறாம் ரீலுக்குப் பிறகு ஐந்தாம் ரீல்

எச்சில் முழுங்கக் கூடாது என்று சொன்ன மறு நொடியே வாயெல்லாம் எச்சில் ஊறிவிட்டது. நாற்பத்தெட்டு வருஷமாக அது எப்போது ஊறிற்று, எப்போது உள்ளே போயிற்று என்று ஆவுடையப்பன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நாக்குக்கு அடியில் குளம் கட்டி நிற்கிறது. "சத்தம் வர்ற நேரம் மட்டும் முழுங்காதீங்க சார், சத்தம் நின்னதும் ஒரு தடவ முழுங்கிக்கோங்க. கழுத்து இல்லியா, மயிரிழை அசைஞ்சாலும் படம் கலைஞ்சிரும், பொறவு முதல்லேருந்து எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த ஸ்கேன் டெக்னீஷியன் முகத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்துப் பூட்டினான். காதில் பஞ்சு. அதற்கு மேல் அணைகட்டியதுபோல் இரண்டு மெத்தை. கடைசியாகக் கையில் ஒரு ரப்பர் குமிழைத் திணித்து, பயமா இருந்தா இத அமுக்குங்க, வந்திருவேன் என்றான். வலது கையில். இடது கையில் கொடுப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வலது கைக்காகத்தானே இங்கே படுத்திருக்கிறது. சொல்ல வாயெடுப்பதற்குள் பலகை நகர ஆரம்பித்துவிட்டது, தலைக்கு மேல் வெள்ளைக் கூரை இறங்கி மூக்குக்கு நாலு விரற்கடையில் வந்து நின்றது, சொல்லாமல் போன வார்த்தை எச்சிலோடு சேர்ந்து தொண்டையில் நின்றது. எதையும் சரியான நேரத்தில் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. வெளியே சிநேகிதன் மீரான் உட்கார்ந்திருப்பான், மடியில் ஆவுடையப்பனின் கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட், செல்போன் எல்லாவற்றையும் ஒரு துண்டில் முடிந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அதற்குள் ஊரும் உறவும் விசாரித்து முடித்திருப்பான். அவனிடம் சொன்னது கழுத்து வலி என்று. வீட்டில் மனைவி செண்பகவல்லியிடம் அதுவும் சொல்லவில்லை, திருநெல்வேலியில் ஒரு வேலை இருக்கு, மீரான் கூட்டிட்டுப் போறான் என்று மட்டும். அவளும் சாப்பிட்டுட்டுப் போங்க என்றதோடு சரி.

சத்தம் தொடங்கிவிட்டது. முதலில் கதவைத் தட்டுவதுபோல், அப்புறம் கதவை உடைப்பதுபோல். நாலு நிமிஷம் என்று காதுக்குள் ஒரு குரல் சொன்னது. நாலு நிமிஷம் என்பது எவ்வளவு? அறுபது அறுபதாக எண்ணலாம், ஆனால் எண்ணினால் தொண்டை அசையுமோ. இதே விழுங்கலைத்தான் அந்த நரம்பு டாக்டரம்மாவும் சொன்னார். சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார், நாக்கில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு அப்போது புரியவில்லை. புஜத்தில் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் துடித்ததை, ரெண்டு மாசமா இருக்கு மேடம், வலியே இல்ல என்று ஏதோ பெருமைபோலக் காட்டினான். வலியில்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் மாறிற்று. பேனா நழுவுகிறது, சாவி திரும்பமாட்டேன் என்கிறது, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருபத்து மூன்று வருஷம் வரைபடத்தில் கோடு கோடாக இழுத்த கை இப்போது தன் கையெழுத்தையே போட மறுக்கிறது என்றெல்லாம் சொன்னான். "கழுத்துல தண்டுவடம் அமுங்கியிருந்தா நல்லது" என்றார் அவர். "ஆபரேஷன் பண்ணி விடுவிச்சிரலாம். போன பலம் முழுசா வராட்டியும் இருக்கிறது நிக்கும்." நல்லது என்ற சொல்லுக்கு அவனுக்குச் சிரிப்பு வந்தது. அமுங்கலேன்னா மேடம்? அவர் பேனாவை மூடினார். "அமுங்கலேன்னா அது வேற. கைல ஆரம்பிச்சு கால், பேச்சு, விழுங்குறது, மூச்சுன்னு ஒண்ணொண்ணாப் போகும். அதுக்கு மருந்து இல்ல. முதல்ல கழுத்தப் பாத்துருவோம்." ஆகவே ஒருவாரமாக ஆவுடையப்பன் தன் கழுத்து நசுங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். அப்படி ஒரு வேண்டுதலை எந்த சாமியிடம் வைப்பது என்று தெரியாமல் பொதுவாக வைத்தான். காலையில் கண்ணாடி முன் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான், சொடக்குச் சத்தம் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. சின்ன வயதில் கிணற்றில் குதித்ததை, மூட்டை தூக்கியதை, பழைய ஸ்கூட்டரில் குலுங்கியதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, இதில் ஏதாவது ஒன்று எலும்பைப் பிதுக்கியிருக்காதா என்று ஏங்கினான்.

சத்தம் நின்றது. முழுங்கினான். போயிற்று, நல்லபடியாகத்தான் போயிற்று. இன்னும் போகிறது. அடுத்தது அஞ்சு நிமிஷம் என்றது குரல், உடனே வேறொரு சத்தம், இது மரத்தில் கட்டை மோதுகிற சத்தம், டக்டக்டக் டக்டக்டக், இதை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றிய கணத்தில் அந்த மொட்டைத் தலைப் பையன் வந்துவிட்டான், சீனச் சண்டைப் படத்தில் முற்றத்தில் நட்ட மரத்தூணை முழங்கையால் மாறி மாறி அடிக்கிறவன், வெண்நாரைப் பள்ளியின் கடைசி மாணவன். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி, வெளியே வெயில் கொளுத்த உள்ளே பீடிப் புகையில் ஒளி நீலமாய் நீளும். பேசுவது இங்கிலீஷ், அதுவும் சீன வாய் மூடி அரை நிமிஷம் கழித்துத்தான் இங்கிலீஷ் முடியும், ஒரு சொல் விளங்காது, விளங்க வேண்டியதும் இல்லை. இரண்டு பள்ளிக்கூடம், எதிரெதிர்த் தெரு. அங்கே ஒரு குரு, இங்கே ஒரு குரு, ஒருவருக்குப் புருவம் வெள்ளை, ஒருவருக்குக் கறுப்பு, போதாதா? வாசலில் பள்ளியின் பெயர் எழுதிய பலகை தொங்கும். அதுதான் மானம். ஆளை அடித்தால்கூடப் பொறுப்பார்கள், பலகையை உடைத்தால் அப்புறம் இரண்டில் ஒரு பள்ளி மிஞ்சும்வரை படம் ஓடும். அடிக்கிறவன் அடிக்கும் முன் தன் வித்தையின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பான், இருபது பேர் சூழ்ந்தாலும் வரிசையில் நிற்பதுபோல் ஒவ்வொருவனாகத்தான் வருவான், மற்றவன் எல்லாம் பின்னால் குதித்துக்கொண்டிருப்பான். அந்த மரியாதை ஆவுடையப்பனுக்கு அப்போதே ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் படங்களில் நோய் என்று ஒன்றே கிடையாது. சாகிறவன் எல்லாம் யாரோ அடித்துத்தான் சாகிறான். அடித்தவனுக்கு ஒரு முகம், ஒரு முகவரி, வாசலில் ஒரு பலகை இருக்கும். போய் நிற்கலாம். வெளியே வா என்று கூப்பிடலாம். இந்தக் கை யார் அடித்த அடி? எந்தத் தெருவில் போய் நிற்பது? கூண்டுக்குள் வலது கண்ணோரம் அரித்தது. அரிப்பது அதிகமாக அதிகமாக முகமே அந்த ஒரு புள்ளியாகச் சுருங்கிக்கொண்டு வந்தது.

அந்தப் படத்துக்கு ஒரே பிரிண்ட், இரண்டு தியேட்டர். தாமிரபரணிக்கு இந்தக் கரையில் அவன் ஊர், அந்தக் கரையில் மீரான் ஊர். அக்கரையில் பத்து மணிக்கு ஆட்டம், இக்கரையில் பதினொன்றுக்கு, ஓடி முடிந்த ரீலைத் தகர டப்பாவில் போட்டு சைக்கிளில் பாலம் தாண்டிக் கொண்டுவருவார்கள். ஐந்தாம் டப்பாவிலும் ஆறாம் டப்பாவிலும் எண் எழுதிய சீட்டு மாறி ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். அக்கரை ஆப்பரேட்டர் அந்தோணி முதல்நாளே போட்டுப் பார்த்து, கண்டுபிடித்து, மனசில் வைத்துக்கொண்டு சரியாக ஓட்டினார். சீட்டைப் பிய்த்து ஒட்டவில்லை. இக்கரை ஆப்பரேட்டர் சீட்டை நம்பினார். மூன்று நாள், ஆறு ஆட்டம், இந்தக் கரையில் ஆறாம் ரீலுக்குப் பிறகு ஐந்தாம் ரீல் ஓடிற்று, யாரும் கூச்சல் போடவில்லை. அக்கரைக்காரன் பார்த்தது இப்படி: வெண்நாரைப் பள்ளியின் மூத்த மாணவன் சாராயக் கடையிலிருந்து எழுந்துவந்து, எவனும் வம்புக்கு வராதபோதே, கருஞ்சிறுத்தைப் பள்ளியின் பலகையைக் காலால் எட்டி இரண்டாக உடைக்கிறான். அதற்குப் பிறகுதான் சிறுத்தைகள் வந்து நாரைக் குருவின் வலக்கையை முறிக்கிறார்கள். இக்கரைக்காரன் பார்த்ததில் சிறுத்தைகள் காரணமே இல்லாமல் சுவரேறிக் குதித்து, டீ குடித்துக்கொண்டிருந்த கிழவரின் கையை முறித்துவிட்டுப் போகிறார்கள். அப்புறம்தான் மூத்த மாணவன் துக்கம் தாளாமல் குடித்துவிட்டுப் போய்ப் பலகையை உடைக்கிறான். அந்த உதையின்போது இக்கரை தியேட்டர் எழுந்து நின்று விசிலடித்தது. ஆவுடையப்பன் பெஞ்சு மேல் ஏறி நின்றான், கண்ணில் நீர். பதினாலு வயது. அந்த மாசமே இக்கரையில் உரக்கடைக் குடோன் பின்னால் நாரைப் பள்ளி வந்துவிட்டது, அக்கரையில் சிறுத்தைப் பள்ளி. பாலத்தில் எதிரெதிரே வந்தால் முட்டியில் கை வைத்துக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டு அம்மா அக்கா என்று ஆரம்பிப்பார்கள். "ஏல, கெழவன் கைய ஒடிச்ச பயலுவல்லா நீங்க" என்று இங்கிருந்து கத்துவான். "குடிகாரப் பயலுவளா, பலகைய ஒடச்சவன் யாருல" என்று அங்கிருந்து வரும். இரண்டு கரையும் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னது.

சித்திரையில் ஆறு வற்றி மணல் கிடந்த ஒரு மத்தியானம் கரைக்குப் பன்னிரண்டு பேர் மோதினார்கள். விதியெல்லாம் பேசி முடித்து ஒவ்வொருவராக வந்தார்கள், கல் கிடையாது, கடிக்கக் கூடாது. அவனுக்கு விழுந்தவன் மீரான், ஒல்லிப் பையன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதற்கு வந்திருக்கிறோம் என்பதுபோல் சிரித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்புதான். கிழவர் கை முறிந்தபோதும் சிறுத்தைகள் அப்படித்தான் சிரித்தார்கள். ஆவுடையப்பன் வித்தையின் பெயரைச் சத்தமாகச் சொன்னான், என்ன பெயர் வைத்திருந்தான் என்பது இப்போது மறந்துவிட்டது, மீரானின் கையைப் பிடித்து முதுகுப்பக்கம் திருப்பி, ஆறாம் ரீலில் எப்படியோ அப்படியே, முழங்கை மேல் தன் முழு உடம்பையும் போட்டான். மணலில் காலடி வைத்தால் உள்ளே சிப்பி நொறுங்குமே, அந்த அளவுக்குத்தான் சத்தம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மீரான் கத்தவும் இல்லை. கட்டு வைத்தியர் இரண்டு முறை வைத்துக் கட்டியும் அந்தக் கை நேரானதில்லை, இன்றுவரை முக்கால் பாகம்தான் நீளும், சாட்சி சொல்ல உயர்த்தி இறக்க மறந்ததுபோல் மடங்கி நிற்கும். ப்ளஸ் ஒன்னில் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தவன் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தான். "என்னடே பாக்க? ஒன் உபயம்தான், இப்ப ரெண்டு கையாலயும் எழுதுவேன்" என்றான். அன்றைக்குச் சிநேகம் ஆனவர்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் நடுவில் வந்ததே இல்லை. அதற்குத் தேவை இருந்ததாகவும் ஆவுடையப்பன் நினைக்கவில்லை, பலகை விஷயத்தில் நியாயம் தன் பக்கம் இருந்ததால். சிங்கப்பூரில் ஒரு மழை நாள், அறையில் கூட இருந்தவன் பத்து வெள்ளிக்கு மூன்று விசிடித் தட்டு வாங்கி வந்ததில் ஒன்று அந்தப் படம். கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பார்த்தான். மூத்த மாணவன் சாராயக் கடையை விட்டு எழுந்தான். இவன் ஏன் இப்பவே எழுந்திரிக்கான், இன்னும் கிழவருக்கு ஒண்ணும் ஆகலையே என்று நினைத்தபடியே எழுந்து உட்கார்ந்தான். படம் முடிகிறவரை உட்கார்ந்தேயிருந்தான். அடுத்த லீவில் வந்தபோது அந்தோணியை டீக்கடையில் பிடித்துக் கேட்டான். "ஆமாப்பா, சீட்டு மாறித்தான் இருந்துச்சு. நான் பாத்து ஓட்டிக்கிட்டேன்." "இக்கரைக்குச் சொல்லலியா அண்ணாச்சி?" "கேட்டாச் சொல்லியிருப்பேன்" என்றார் அந்தோணி, டீயை ஆற்றிக்கொண்டே.

இப்போது எதுவும் கேட்கவில்லை. சத்தம் எப்போது நின்றது? நின்றபின் முழுங்கினோமா? குரல் வரவில்லை. இரண்டு சத்தங்களுக்கு நடுவே இவ்வளவு நேரம் ஆகுமா, கரண்டு போயிருக்குமோ, அந்தப் பையன் டீ குடிக்கப் போயிருப்பானோ, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, மூச்சை மட்டும் விடு. கூரை வெள்ளை இன்னும் ஒரு விரற்கடை இறங்கியதுபோல் இருந்தது. அமுக்கினான். அமுக்கினானா? அமுக்கு என்று கைக்குச் சொன்னது தெரிகிறது, கை கேட்டதா என்று தெரியவில்லை, குமிழ் கையில்தான் இருக்கிறதா, நழுவிப் பலகையில் கிடக்கிறதா, தலையைத் தூக்கிப் பார்க்க வழியில்லை. மறுபடி சொன்னான். வா என்று கூப்பிட்டும் திண்ணக்கமாக எழுந்திரிக்காத பிள்ளை மாதிரி அது படுத்துக் கிடந்தது. கத்தலாம். கத்தினால் படம் கலைந்துவிடும், முதலிலிருந்து எடுப்பார்கள், இத்தனை நேரமும் இன்னொரு தடவை. யாரும் வரவில்லை. அந்தப் படங்களில் ஒரு அடி உண்டு, தொட்டதே தெரியாது, சந்தையில் தோளில் இடித்துவிட்டுப் போவதுபோல் ஒருத்தன் விரலால் தொட்டுவிட்டுப் போவான், தொடப்பட்டவன் சிரித்துப் பேசி, சாப்பிட்டு, பெண் பார்த்து, ஏழாம் நாள் கிண்ணத்தைத் தூக்கும்போது விழுவான். தன்னை யார் தொட்டது? மீரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கைக்குக் கை. முப்பத்து நாலு வருஷம் கழித்து விழுகிற அடி. நடக்கட்டும், நியாயம்தான், வாங்கிக்கொள்ளலாம். அப்படி நினைத்தபோது ஒரு நிமிஷம் பயம்கூட விலகிற்று, குருமார்கள் சாகும்போது முகத்தில் வருமே, அந்தத் தெளிவு. ஆனால் அதையும் இன்று காலையில் மீரானே கெடுத்துவிட்டான். செய்துங்கநல்லூர் தாண்டும்போது ஆவுடையப்பன் கார் கண்ணாடியைப் பார்த்தபடி, இப்போது விட்டால் இல்லை என்று, "மீரான், அந்தப் படத்துல முதல்ல பலகைய ஒடச்சது எங்க ஆளுதான் தெரியுமா" என்று கேட்டேவிட்டான். இருபது வருஷம் தொண்டையில் கிடந்தது. மீரான் முழங்கை மடங்கிய கையாலேயே ஸ்டியரிங்கைத் திருப்பி ஒரு லாரியை முந்தினான். "எந்தப் படம்?" "அதான்டே, நாரையும் சிறுத்தையும்." "அதா... நான் எங்க மாப்ள பாத்தேன்? எங்க வாப்பா தியேட்டர் இருக்க தெருப்பக்கம் விட்டாத்தானே. பயலுவ ஆளு கொறையுதுன்னு கூப்பிட்டானுவ, போனேன்." "பாக்கவே இல்லியா?" "இன்னைக்கு வரைக்கும் இல்ல. நல்ல படமா?" ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பார்க்காத படத்துக்காக முறிந்த கையிடம் போய் ரீல் மாறிப்போச்சு என்று எப்படிச் சொல்வது? ஐந்து முதலில் வந்தால் என்ன, ஆறு முதலில் வந்தால் என்ன, மீரானுக்கு வந்தது அந்த மத்தியானம் மட்டும்தான், முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அப்படியென்றால் இந்தக் கைக்கும் முன்னால் ஒன்றும் இல்லையோ. எவனும் தொடவில்லையோ. எந்தப் பள்ளியிலிருந்தும் யாரும் வரவில்லை, சுவரேறிக் குதிக்கவில்லை, வெறுமனே, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது. அமுங்கியிருக்கட்டும் என்றான் மனசுக்குள். எலும்பே, நீயாவது பிதுங்கியிரு. மூன்றாவது, நாலாவது எலும்புக்கு நடுவில், எங்கேயாவது, கொஞ்சமாவது. கடைசி அஞ்சு நிமிஷம் சார் என்றது குரல், ஒன்றுமே நடக்காததுபோல, டீயும் குடிக்காதவன்போல. அவன் கல்லாய்க் கிடந்தான்.

பலகை வெளியே வந்தபோது விளக்கு கண்ணைக் குத்திற்று. டெக்னீஷியன் கூண்டைக் கழற்றி, கை கொடுத்து உட்கார வைத்தான். "சூப்பர் சார், ஒரு இம்மி அசையல. இப்படி ஒருத்தரு படுத்து நான் பாத்ததில்ல." காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபோது தரை வெகு தூரத்தில் இருந்தது. மீரான் கதவைத் திறந்து தலையை நீட்டி, வரலாமா என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டான், கையில் ஆவுடையப்பனின் சட்டை. "தம்பி, எப்படி இருக்கு எங்க ஆளு கழுத்து? செங்கோட்டைக்காரரு ஒருத்தரு வெளிய பயங்காட்டிட்டாரு, அவருக்கு மூணு எலும்பு போச்சாம்." டெக்னீஷியன் பக்கத்து அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "ரிப்போர்ட்டு சாயங்காலம் டாக்டர்தான் போடுவாங்க, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. ஆனா தினம் முப்பது கழுத்து பாக்கேன்ல. ஒண்ணுமே இல்ல சார். பிதுங்கல, அமுங்கல, தேய்மானம்கூடக் கெடையாது. இருபது வயசுப் பையன் கழுத்து மாதிரி இருக்கு. நிம்மதியாப் போங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மீரான் சத்தமாகவே சொன்னான். சொல்லிவிட்டு டெக்னீஷியனின் முதுகில் ஒரு தட்டு, ஆவுடையப்பனின் தலைமுடியில் ஒரு கலைப்பு. "கேட்டியாடே? இருபது வயசாம். நேத்து ராத்திரி பூரா நான் ஒறங்கல தெரியுமா, ஒன் பொண்டாட்டிகிட்ட என்ன பதில் சொல்லன்னு. வா, வழியில நல்ல பிரியாணி ஒண்ணு இருக்கு, இன்னைக்கு நீ பத்தியம் அது இதுன்னு பேசப்பிடாது." ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். நாக்கு இருந்தது, அசைந்தது, சொல்ல வேண்டியதும் அதன் நுனியிலேயே இருந்தது. மீரான் அதற்குள் அவன் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான். வலது கை, அப்புறம் இடது கை, சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல். பிறகு குனிந்து கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தான், நீளாத முழங்கை விலாவில் இடிக்க, வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு. அவன் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "மூஞ்சிய ஏன்டே இப்படி வச்சிருக்க? ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சுல்லா, சிரி." ஆவுடையப்பன் சிரித்தான். மேல் பொத்தானுக்கு மீரானின் விரல்கள் வந்தபோது, போடுவதற்கு வாகாகத் தாடையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினான்.